உட்புற வடிவமைப்பை வீட்டிலிருந்தே பயில்வது எப்படி: குமரி மாவட்டத்துத் தொடக்க மாணவருக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒருவர் ‘இன்டீரியர் டிசைன் படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால், வரவேற்பறைக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை வாங்கலாம் என்றுதான் அவரிடம் முதலில் கேட்பார்கள். திரைச்சீலையும் இந்தப் படிப்பில் உண்டு. ஆனால் அது கடைசியில் வருவது. கதவு எந்தப் பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்காது, அடுக்களையில் நிற்பவரின் நிழல் அவர் நறுக்கும் காயின்மேல் விழாதபடி விளக்கை எங்கே பொருத்துவது, ஒரு பிளைவுட் பலகையில் கழிவு குறையும்படி எத்தனை தட்டுகள் வெட்டலாம் என்பன போன்ற, அழகோடு நேரடித் தொடர்பில்லாத கேள்விகள் அதற்கு முன்பு ஏராளம் இருக்கின்றன. இதை எதிர்பாராமல் வந்து சேருகிறவர்கள்தாம் இரண்டாவது மாதத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் வேறு வேலை பார்த்துக்கொண்டே, இரவு நேரங்களில், இணையவழியில் இதைப் பயின்றேன். கல்லூரியில் படிப்பவருக்குக் கிடைத்து, தொலைவழியில் படிப்பவருக்குக் கிடைக்காமல் போவன இரண்டு: வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுத் திருத்தும் ஆசிரியர் ஒன்று, மரம், கல், கீல், துணி ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கும் பட்டறை மற்றொன்று. ஏனைய அனைத்தும் திரையில் கிடைக்கின்றன, பல வேளைகளில் இலவசமாகவே. ஆகவே இந்த இரண்டு குறைகளையும் இம்மாவட்டத்தில் இருந்தபடி எப்படி நிரப்பிக்கொள்வது என்பதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன்.

சேருவதற்கு முன்

சில வாரங்களில் முடியும் சான்றிதழ்ப் படிப்பு, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீளும் டிப்ளமோ, பல்கலைக்கழகம் தரும் பட்டம் என்று இணையவழியில் பொதுவாக மூன்று வகைகள் உள்ளன. இந்தத் துறை தமக்கு ஒத்துவருமா என்று இன்னும் தெரியாத ஒருவர் பணம் செலவழிக்காமல் தொடங்குவதே நல்லது. நடுவண் அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் கட்டடக்கலை, வடிவமைப்பு சார்ந்த பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழுக்காகத் தேர்வு எழுத விரும்பினால் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், கேட்கும்போதே கலைச்சொற்களைத் தனி ஏட்டில் எழுதி, அருகில் நம் ஊர்க் கொத்தனாரும் ஆசாரியும் அதற்குச் சொல்லும் சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தில் வரும் ‘ஸ்பிரிட் லெவல்’ இங்கே ரசமட்டம். ‘டிரை ஸ்கொயர்’ மூலமட்டம். ‘பிளம்ப் பாப்’ தூக்குக்குண்டு. என் ஏட்டில் அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. பிற்காலத்தில் வேலைத்தளத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த ஏடுதான்.

பட்டம் தருவதாகச் சொல்லும் நிறுவனம் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமல்லாமல், அந்தக் குறிப்பிட்ட படிப்பும், நீங்கள் சேரவிருக்கும் கல்வியாண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பொறியியல், கட்டடக்கலை முதலிய சில படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த விதிமுறைகளே இடம் தருவதில்லை. ஆகவே தொலைவழியில் கட்டடக்கலைப் பட்டம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்தவர் மட்டுமே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தம்மை அழைத்துக்கொள்ள முடியும். உட்புற வடிவமைப்பாளருக்கு அத்தகைய சட்டப் பதிவு நம் நாட்டில் இல்லை. அதனால் சான்றிதழைவிட நீங்கள் வரைந்து காட்டும் படங்களின் தொகுப்பே வேலை வாங்கித் தரும்.

நான் முதலில் சேர்ந்த கட்டணப் படிப்பில், வரைபடங்களைத் திருத்த ஆள் உண்டா என்று கேட்கத் தவறிவிட்டேன். ஆறு மாதப் பாடம், அழகான விளம்பரம். பணம் கட்டிய பிறகுதான், தேர்வுகள் அனைத்தும் நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை என்பதும், நான் வரைந்ததைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை என்பதும் தெரிந்தன. ஒரு கோடுகூடத் திருத்தப்படாமல் என் கையில் சான்றிதழ் வந்து சேர்ந்தது. எனவே பணம் கட்டுமுன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: என் வரைபடங்களை யார் திருத்துவார், மொத்தம் எத்தனை வரைபடங்கள் திருத்தப்படும், திருத்தம் எத்தனை நாளில் திரும்பி வரும். முன்பு படித்த ஒருவரின் திருத்தப்பட்ட தாள் ஒன்றை மாதிரிக்குக் காட்டச் சொல்வதும் தவறில்லை. காட்டத் தயங்கும் இடத்தில் திருத்தும் வழக்கமே இருக்காது.

டேப்பும் பென்சிலும்

முதல் மாதத்துக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. 5 மீட்டர் டேப்பு, ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் மில்லிமீட்டரும் உள்ள அளவுகோல், கட்டம் போட்ட ஏடு, ஏ3 தாள்கள், 0.5 பென்சில் ஆகியவை போதும். பாடங்களைக் கைப்பேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பக்கங்களில் இருப்பவர்கள் சிக்னல் கிடைக்கும் வேளையில் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பயிற்சி, நீங்கள் தூங்கும் அறையை அளப்பது. எளிது என்று தோன்றும். சுவரின் நீளத்தை ஒரு மூலையிலிருந்து தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். அதாவது மூலையிலிருந்து சன்னல் தொடங்கும் இடம், சன்னல் முடியும் இடம், சுவிட்சுப் பெட்டி, அடுத்த மூலை என்று எல்லாவற்றையும் டேப்பை நகர்த்தாமல் ஒரே ஓட்டத்தில் குறிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஏற்படும் சிறு பிழை சேர்ந்து, கடைசியில் ஓர் அங்குலம் காணாமல் போகும். பிறகு தரையிலிருந்து சன்னலின் அடிவரை உயரம், லிண்டல் (சன்னலுக்கும் கதவுக்கும் மேலே சுவரைத் தாங்கும் சட்டம்) உயரம், பீம் எவ்வளவு தொங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மின்விசிறிக் கொக்கி எங்கே இருக்கிறது என்பவற்றைக் குறிக்க வேண்டும். இறுதியாக மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். பெரும்பாலான காணொளிகள் இதைச் சொல்வதேயில்லை.

என் அறை 12 அடி நீளம், 9 அடி அகலம். மூலைகள் சரியான செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் 15 அடி இருக்க வேண்டும். கொத்தனார் கயிறு கட்டி மட்டம் பார்க்கும் அதே 3, 4, 5 கணக்கின் மும்மடங்குதான் இது. நான் அளந்தபோது ஒன்று 15 அடி ஒன்றரை அங்குலம், மற்றொன்று 14 அடி பத்தரை அங்குலம். கோணத்தில் இது ஒரே ஒரு பாகை விலகல்தான். ஆனால் அந்த ஒரு பாகை, 9 அடி ஓட்டத்தில் ஏறத்தாழ 2 அங்குலமாக விரிகிறது. 2 அடி ஆழமுள்ள அலமாரியைச் செங்கோணமாகச் செய்து அந்த மூலையில் நிறுத்தினால், பக்கவாட்டில் அரை அங்குலத்துக்குச் சற்றே குறைவான ஆப்பு வடிவ இடைவெளி தெரியும். நான் முதலில் வரைந்த அலமாரியில் அந்த இடைவெளி இல்லை, ஏனெனில் என் தாளில் சுவர்கள் ஒழுங்காக இருந்தன. அதைப் பார்த்த பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணாச்சி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “மக்களே, நீ வரைஞ்சது பேப்பருக்குச் சரி. சுவரு கோணலாட்டு நிக்குதே, அத வரைஞ்சியா?” என்று மட்டும் கேட்டார். பக்கவாட்டில் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டி விட்டு, அதைச் சுவரின் சாய்வுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்துவதுதான் வழக்கம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அளந்ததை ஐம்பதில் ஒன்று என்ற அளவில் கையால் வரையுங்கள். 12 அடிச் சுவர் தாளில் 73 மில்லிமீட்டர் வரும். இங்கே அலகுகள் ஒரு தொல்லை. பாடம் மில்லிமீட்டரில் நடக்கும்; கொத்தனாரும் வீட்டுக்காரரும் அடி, அங்குலத்தில் பேசுவார்கள்; பிளைவுட் எட்டுக்கு நாலு (அடி) என்று விற்கப்படும்; அதே பலகைக்குள் பொருத்தும் கூடையும் சேனலும் (இழுப்பறை ஓடும் உலோகத் தடம்) மீண்டும் மில்லிமீட்டரில் வரும். வயதான ஆசாரிகள் சிலர் கோல், விரல் கணக்கும் அறிந்திருப்பார்கள். 24 விரல் ஒரு கோல், அது ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதை 300 என்று சுருக்கிக் கணக்கிடும் பழக்கம் தொடக்க மாணவர்களிடம் உண்டு. 12 அடிச் சுவரில் அந்தச் சுருக்கம் 58 மில்லிமீட்டரை, அதாவது இரண்டு அங்குலத்துக்கு மேல், விழுங்கிவிடும். எந்தத் தாளிலும் ஒரே அலகைப் பயன்படுத்துவது, மாற்றும்போது சுருக்காமல் 304.8 என்றே வைத்து மாற்றுவது என்ற இரண்டையும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

அடுக்களையை ஒரு மாதம் படியுங்கள்

இரண்டாவது மாதத்துக்கு வேறெந்த அறையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வீட்டில் தண்ணீர், நெருப்பு, மின்சாரம், சேமிப்பு, காற்றோட்டம், மனித உடலின் அளவு ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வது அடுக்களையில்தான்.

மேடையின் உயரம் பொதுவாக 32 முதல் 34 அங்குலம், அகலம் 2 அடி என்று பாடத்தில் இருக்கும். அதை மனப்பாடம் செய்யாமல், உங்கள் அம்மாவையோ பாட்டியையோ மேடைமுன் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கும்போது அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காமல் நறுக்க முடியும். என் அம்மாவின் முழங்கை 37 அங்குலம். எங்கள் மேடை 34. இத்தனை ஆண்டுகள் அவர் தோளைத் தூக்கியபடியே சமைத்திருக்கிறார் என்பது ஒரு டேப்பால் ஐந்து நிமிடத்தில் தெரிந்த செய்தி.

அடுத்து, தொட்டி, அடுப்பு, குளிர்பதனப்பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் ‘வேலை முக்கோணம்’ பற்றிப் படிப்பீர்கள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1940-களில் நடந்த ஆய்வுகளின் வழியே பரவலான கருத்து இது. ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கருத்து நல்லதுதான். ஆனால் குமரி மாவட்டத்து வீட்டில் நாள்தோறும் தேங்காய் துருவ வேண்டும். மீன் வந்தால் அதைக் கழுவி நறுக்கப் பின்வாசலுக்கு வெளியே குழாயும் கல்லும் வேண்டும். பல வீடுகளில் கேஸ் அடுப்புக்கு அப்பால் விறகடுப்பு உள்ள வேலைப்பகுதி ஒன்று தனியே இருக்கும். இவற்றையும் சேர்த்தால் முக்கோணம் ஐங்கோணமாகி, பின்கதவு அதன் நடுப்புள்ளியாகிவிடுகிறது. காலை ஏழு மணிக்கு ஒரு மூலையில் அமர்ந்து, அம்மா எங்கிருந்து எங்கே நடக்கிறார் என்பதைத் தரைப்படத்தின்மேல் கோடுகளாக இழுத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தாளில் கோடுகள் அடர்ந்து கருக்கும் இடம் எதுவோ, அங்கே குறுக்கே எதையும் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் அரிசி டிரம் இருந்தது.

சிலிண்டரைத் தரையில், நிமிர்த்தி, அடுப்பைவிடத் தாழ்வான நிலையில், காற்றோட்டம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதை அடைத்து மூடிய அலமாரிக்குள் வரைந்து வைப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இல் அறைகளின் குறைந்தபட்ச அளவுகள் உள்ளன: தனி அடுக்களைக்கு 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும், வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரமும் என்று அது சொல்கிறது. ஃபால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே தொங்கவிடும் இரண்டாவது கூரை) வரையும்போது இந்த உயரத்தை நினைவில் வையுங்கள். பத்தடி உயர அறையில் ஓர் அடி இறக்கினால் மீதி 2.74 மீட்டர்தான்.

வெயிலும் மழையும் உப்பும்

வேறு நாடுகளில் தயாரான பாடங்களை அப்படியே ஏற்கக் கூடாத இடம் இது. வடக்குச் சன்னலில் நேரடி வெயில் விழாது, ஆகவே படிக்கவும் வரையவும் அதுவே சிறந்த ஒளி என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பாடங்கள் சொல்லும். நாகர்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு மேலே வந்துவிடுகிறது. அதிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும் சூரியன், டிசம்பர் 22 வாக்கில் 31 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்துவிடும்.

இதைக் கணக்காக மாற்றினால் பயன் தெரியும். ஒன்றரை அடி நீட்டிய சன்ஷேடு, ஜூன் மாத நண்பகலில் வடக்குச் சுவரில் ஐந்தடிக்கு மேல் நிழல் தருகிறது. டிசம்பர் நண்பகலில் தெற்குச் சுவரில் அதே சன்ஷேடு இரண்டரை அடியைக்கூட மறைப்பதில்லை. மேற்குச் சுவரில் மாலை வெயில் ஏறத்தாழக் கிடையாக வருவதால் சன்ஷேடு ஏதும் செய்ய முடியாது. அங்கே மரச்சட்டமோ மூங்கில் தட்டியோ மரமோதான் வழி. உங்கள் வீட்டுச் சன்னல் ஒன்றின் முன், மாதம் ஒருமுறை, காலை 9, நண்பகல், மாலை 4 ஆகிய நேரங்களில் தரையில் வெயில் விழும் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் படம் எடுத்து வாருங்கள். ஓராண்டில் உங்களிடம் சேர்வது எந்தப் படிப்பும் தராத பாடநூல்.

ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் இம்மாவட்டத்துக்கு உண்டு. ஆண்டில் பாதிக்கு மேல் மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் இறுக்கமாகப் பொருத்திய கதவு ஆனியில் திறக்க மறுப்பது இதனால்தான். நீரோடி முதல் கன்னியாகுமரி வரையிலான கடலோரத்தில் இதனோடு உப்புக்காற்றும் சேர்கிறது. குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு வீட்டுக்கு வரைகிறீர்கள் என்றால், இரும்புக் கீலை மறந்துவிட்டு, மாலிப்டினம் கலந்த 316 வகைத் துருப்பிடிக்காத எஃகோ நல்ல பித்தளையோ குறிப்பிடுங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 304 வகை, கடலிலிருந்து தள்ளிய வீடுகளுக்குப் போதுமானது.

பலகைகளைப் பற்றி ஒரு சோதனை செய்யுங்கள். பிளைவுட் கடையில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டால் தருவார்கள். ஓரளவு ஈரம் தாங்கும் சாதாரண எம்.ஆர். பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தரப் பிளைவுட், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., மரச்சீவலை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு, ரப்பர் மரத்துண்டு ஆகியவற்றில் ஒவ்வொன்றாக வாங்கி, தடிமனை அளந்து எழுதி, மூன்று நாள் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மீண்டும் அளவெடுங்கள். 710 தரத்துக்கான சோதனையில் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் வைக்கிறார்கள். உங்கள் வாளி அத்தனை கடுமையானதல்ல. ஆனாலும் பார்ட்டிகிள் போர்டு உப்பி விளிம்பு உதிர்வதைக் கையால் தொட்டுப் பார்த்தவர், தொட்டிக்குக் கீழே அதை ஒருபோதும் வரைய மாட்டார். ரப்பர் மரம் குலசேகரம், கீரிப்பாறை வட்டாரத்தில் நிறையக் கிடைப்பதால் அதைப் பற்றித் தனியே அறிந்து வைப்பது நல்லது: வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் பற்றக்கூடிய மரம் அது; போரான் உப்பேற்றி, உலர்த்தி வந்தால் நல்ல மரச்சாமான் ஆகும், இல்லையென்றால் மாவாக உதிரும்.

பத்மநாபபுரத்தில் ஒரு நாள்

தக்கலைக்கு அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலாவில் நாம் எல்லோரும் போயிருக்கிறோம். மாணவராக மீண்டும் ஒருமுறை, ஏட்டோடு போங்கள்; திங்கட்கிழமை விடுமுறை. 1601 வாக்கில் கட்டத் தொடங்கி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிந்த இந்த மர அரண்மனை, தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது.

எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். மரச்சட்டங்களும் மைக்காத் தகடுகளும் வெளியே உள்ள கடும் வெளிச்சத்தை வடிகட்டுகின்றன. தாழ்ந்து நீண்ட கூரை மழையையும் வெயிலையும் சுவரை நெருங்க விடுவதில்லை. கண்ணாடிபோல் பளபளக்கும் கருந்தரை வெளிச்சத்தை உறிஞ்சிக் கண்ணுக்கு இதம் தருகிறது. தேங்காய்ச்சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு ஆகியவற்றால் ஆன தரை என்று அங்கே சொல்வார்கள். மின்விசிறி இல்லாத அந்த அறையில் வெக்கை ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்கு நீங்கள் எழுதும் ஒரு பக்கக் குறிப்பும், ஒரு சன்னலின் குறுக்குவெட்டுப் படமும் உங்கள் தொகுப்பின் முதல் தாளாக இருக்கட்டும். டேப்பை எடுக்க வேண்டாம். உங்கள் சாண் எத்தனை அங்குலம், ஓர் எட்டு எத்தனை அடி என்று வீட்டிலேயே அளந்து வைத்துக்கொண்டு போனால் போதும்.

மென்பொருள்

மாணவர்கள் மிகவும் கவலைப்படும் பகுதி. எனக்குச் சொல்ல இருப்பதோ குறைவு. மூன்றாம் மாதத்தில் தொடங்குங்கள். தரைப்படத்துக்கு லிப்ரேகேட் இலவசம். அறையைச் சுற்றிப் பார்க்கும் முப்பரிமாணத்துக்கு உலாவியிலேயே இயங்கும் ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பும், ஸ்வீட் ஹோம் 3டியும் உண்டு. தகுதியுள்ள கல்வி நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் ஆட்டோகேட் மென்பொருளின் கல்வி உரிமத்தைக் கட்டணமின்றி ஓராண்டுக்குப் பெற்று, மாணவராக இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். புகைப்படம்போல் தோன்றும் ரெண்டர் படங்களைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அளவு தவறான அடுக்களையைக்கூட அவை அழகாகக் காட்டிவிடும்.

திருத்துவோர்

பக்கத்தில் ஆசிரியர் இல்லாத குறையை ஒருவரால் நிரப்ப முடியாது. நான்கைந்து பேர் வேண்டும். ஒரே பாடத்தில் சேர்ந்த மூன்று நான்கு பேர் வாரம் ஒருமுறை தாள்களை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் வரைந்ததை மற்றவர் அளவுகளை மட்டும் படித்து மீண்டும் வரைய முயல வேண்டும். முடியாமல் போகும் இடத்தில் ஓர் அளவு விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஊரில் வீட்டுத் திட்டம் வரைந்து கொடுக்கும் பொறியாளரிடம் மாதம் ஒருமுறை ஒரு தாளைக் காட்ட அனுமதி கேளுங்கள். வேலை நடக்கும் வீட்டுக்கு ஆசாரியோடு போய் ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்று பாருங்கள். டீ வாங்கிக் கொடுக்கும் வேலையாவது கிடைக்கும். மைக்கா (பலகைமேல் ஒட்டும் லேமினேட் தகடு) ஒட்டுமுன் விளிம்பை எப்படித் தட்டுகிறார்கள், கீலுக்கான குழியைக் கதவு விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி எடுக்கிறார்கள் என்பதைக் காணொளியில் நூறு முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்காரர்களும் ஒருவகையில் திருத்துவோரே. அக்னி மூலையில் அடுக்களை, கன்னி மூலையில் பெரியவர்களின் படுக்கையறை என்று வாஸ்து கேட்பவர்கள் உண்டு. பூஜை அறை கேட்பவரும், குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் அமர இடம் கேட்பவரும், தொழுகைக்குத் திசை பார்ப்பவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். இவை இணையப் பாடத்தில் வருவதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் வரையத் தொடங்குமுன் கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் முழுத் திட்டத்தையும் மறுபடி வரைய நேரும்.

ஆறேழு மாதங்களில் மூன்று திட்டங்கள் முழுமையாகச் சேர்ந்துவிட்டால், சிறிய வேலை ஒன்றைத் தேடலாம்; உறவினர் வீட்டில் ஓர் அலமாரி, தெருமுனைக் கடையின் கல்லாமேசை போன்றவை பொருத்தமானவை. சுவரை இடிப்பது, பீமைத் தொடுவது ஆகியவற்றைப் பொறியாளரிடமும், மின்கம்பி மாற்றங்களை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமும் விட்டுவிடுங்கள். கொட்டேஷனில் பலகையின் தரமும் தடிமனும், மைக்காவின் தடிமன், கீல், சேனல் ஆகியவற்றின் வகையும் எண்ணிக்கையும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். ‘நல்ல தரம்’ என்ற சொல் எங்கும் வரக் கூடாது. ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் வலது மூலையிலும் தேதியையும் திருத்த எண்ணையும் எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்து வாங்கிய பிறகே ஆசாரியிடம் கொடுங்கள். பழைய தாளை அப்போதே திரும்ப வாங்கிவிடுங்கள்; இரண்டு தாள்களும் அவர் கையில் இருந்தால், மரம் வெட்டும் அன்று கைக்கு முதலில் அகப்படுவது பழையதாகத்தான் இருக்கும்.